வளைந்த ராடை நிமிர்த்துவதா, புதிது போடுவதா?

பழைய மாசி ஃபெர்குசன் 1035 டிராக்டரின் மூன்று சிலிண்டர் இன்ஜினைப் பிரிக்கும்போது, பிஸ்டன் ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் தேய்ந்திருந்தால், முதலில் கனெக்டிங் ராடைத்தான், அதாவது பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பியைத்தான், சந்தேகப்பட வேண்டும். ரிங் மாட்டாமல் பிஸ்டனை லைனரில் (சிலிண்டரின் உள் குழாயில்) இறக்கி, பிஸ்டனை ராடோடு கோக்கும் பிஸ்டன் பின்னின் இரு முனைப் பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்வு என்றால் ராடைக் கழற்றி, வளைவைச் சோதிக்கும் ஜிக்கில் வைத்துப் பார்த்துவிடலாம்.

நிமிர்த்துவது செலவு குறைவு. வளைவு லேசாக இருந்து, சூடு காட்டாமல் பிரஸ்ஸில் நிமிர்த்தினால் பழைய ராடே போதும். கேஸ் வைத்துச் சூடாக்கும் பட்டறையில் மட்டும் கொடுக்காதீர்கள். இரும்பின் பதமே போய்விடும்.

ஆனால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து வளைந்த ராட் என்றால் கதை வேறு. அதன் நீளமே குறைந்திருக்கலாம். அந்த பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மற்ற இரண்டையும்விடத் தாழ்ந்து நிற்கும், உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு (கம்ப்ரஷன்) குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எவ்வளவு நிமிர்த்தினாலும் அந்த நீளம் திரும்பாது. அங்கே நான் யோசிக்காமல் புது ராடுதான் போடச் சொல்வேன். அப்புறம், அதன் எடை மற்ற இரண்டோடு ஒத்துப்போகிறதா என்று தராசில் வைத்துப் பார்த்தே மாட்டுங்கள்.