போர்ச் சுவர்களைப் படிக்கக் கற்றுத்தரும் ஒரு லக்சர் சுற்றுலா: மதிப்புரை

எகிப்தின் லக்சர் நகரில் இயங்கும் சிறிய சுற்றுலா நிறுவனம் ஒன்று, பண்டைய எகிப்தியரின் போர்களை மட்டுமே பொருளாக எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகத்தின் வழியாகவும் கோயில் சுவர்களின் வழியாகவும் அவற்றை விளக்கும் சுற்றுலாவை நடத்துகிறது. நைல் நதியின் கிழக்குக் கரையில் லக்சர் அருங்காட்சியகம், கர்னாக் கோயில் தொகுதி, லக்சர் கோயில் ஆகியவையும், மேற்குக் கரையில் இரண்டாம் ராமேசஸின் நினைவுக் கோயிலான ராமேசியம், மூன்றாம் ராமேசஸின் நினைவுக் கோயிலான மெதினத் ஹபு ஆகியவையும் இதில் அடங்குகின்றன. அரசர்களின் பள்ளத்தாக்கு இல்லை. முதன்முறை லக்சருக்குப் போகிறவருக்கு இது பெருங்குறையாகத் தோன்றலாம். ஆனால் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதுவே சரியான தேர்வு. அரச கல்லறைகளின் சுவர்கள் சூரியக் கடவுளின் இரவுப் பயணத்தையும் மறுமையையும் பேசுகின்றன. போரைப் பார்க்க வேண்டுமானால் கோயில்களின் வாயிற்கோபுரங்களுக்கும் வெளிச்சுவர்களுக்கும்தான் போக வேண்டும்.

எகிப்தில் வழிகாட்டியாகப் பணிபுரிய அரசு உரிமம் கட்டாயம் என்பதால் அடிப்படைத் தகவல்களில் பெரும்பாலான வழிகாட்டிகள் தவறுவதில்லை. இந்தச் சேவையை வேறுபடுத்துவது தகவல் அன்று, அணுகுமுறை. எங்களுடன் வந்த வழிகாட்டி எந்தச் சுவரின் முன்னும் "இங்கே மன்னர் வென்றார்" என்று தொடங்கவில்லை. செதுக்கச் சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார், எதிர்த்தரப்பு என்ன எழுதிவைத்திருக்கிறது என்பதையே முதலில் கேட்டார். நம் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று. எனினும் கல்லில் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு அழகாகச் செதுக்கப்பட்ட ஒன்றின் முன் நிற்கும்போது அதை மறந்துவிடுவது எளிது.

சுற்றுலா அருங்காட்சியகத்தில், தீப்ஸை, அதாவது இன்றைய லக்சரை, ஆண்ட காமோஸ் மன்னரின் கல்வெட்டின் முன் தொடங்குகிறது. வடக்கே அவாரிசைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட, மேற்காசிய வழிவந்த ஹிக்சோஸ் மரபின் அரசர் அப்போபிஸ், தெற்கே நூபியாவில் (இன்றைய சூடான் பகுதி) இருந்த குஷ் நாட்டு அரசருக்கு அனுப்பிய தூதன் பாலைவனச் சோலைப் பாதையில் பிடிபட்டதையும், தீப்ஸ் அரசை இருபுறமும் நெருக்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற செய்தி அவனிடம் இருந்ததையும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. காமோசுக்கு முன் ஆண்ட செகனென்ரே தாவோவின் பதப்படுத்திய உடலில், கெய்ரோவில் இருப்பது அது, தலையில் பல ஆயுதக் காயங்கள் உள்ளன. 2021-இல் வெளியான சி.டி. ஆய்வு, அவர் கைகள் கட்டப்பட்ட நிலையில் கொல்லப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறது. எந்தக் கோயில் சுவரும் இந்த மரணத்தைக் காட்டவில்லை என்று வழிகாட்டி சொன்னபோது, அடுத்து வரவிருந்த சுவர்கள் அனைத்தையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது விளங்கிவிட்டது. தொடக்கத்துக்கு இதைவிடச் சிறந்த இடத்தைத் தேர்ந்திருக்க முடியாது.

கர்னாக்கில் பெரும்பாலான குழுக்கள் 134 தூண்கள் நிற்கும் மண்டபத்தில் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. இந்தக் குழு மண்டபத்தைக் கடந்து, கருவறையைச் சுற்றியுள்ள சுவர்களில் மூன்றாம் துத்மோஸ் செதுக்கிய போர்க் குறிப்புகளின் முன் நெடுநேரம் நின்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் நடந்த படையெடுப்புகளைப் பதிவுசெய்யும் இக்குறிப்புகளில் முதலாவது, கி.மு. 1457 அளவில், இன்றைய இஸ்ரேலில் உள்ள மெகிதோ நகரில் கானானிய அரசர்களோடு நடந்த போர். மலையைச் சுற்றிச் செல்லும் அகலமான வழிகள் இரண்டு இருந்தும், ஒருவர்பின் ஒருவராகத்தான் போக முடியும் என்று தளபதிகள் அஞ்சிய அருனாக் கணவாய் வழியே மன்னர் படையை நடத்தினார். எதிரிகள் மற்ற வழிகளைக் காத்து நின்றதால் அவருடைய படை தடையின்றிச் சமவெளியில் இறங்கியது. பாடநூல்கள் இதைத் துணிவுக்குச் சான்றாகச் சொல்லி முடித்துவிடும். எங்கள் வழிகாட்டி முடிக்காமல் கொள்ளைப் பட்டியலுக்கு அழைத்துச் சென்றார். அதில் 924 தேர்கள் இருக்கின்றன, ஆனால் சிறைபிடிக்கப்பட்டவர்கள் 340 பேர், வெட்டியெடுக்கப்பட்ட கைகள் வெறும் 83. கொல்லப்பட்டவர்களின் கணக்கு கைகளைக் கொண்டே எடுக்கப்பட்டது என்பதால், களத்தில் இறந்தவர்களைவிடத் தப்பியவர்களே மிகுதி என்று ஊகிக்கலாம். அதற்கான காரணத்தையும் அதே சுவர் ஒப்புக்கொள்கிறது: எதிரிகள் விட்டுச்சென்ற பொருள்களை அள்ளுவதில் வீரர்கள் மனம் வைக்காமல் இருந்திருந்தால் நகரம் அன்றே விழுந்திருக்கும். ஓடிவந்தவர்களை நகரத்தார் தங்கள் துணிகளைத் தொங்கவிட்டு மதில்மேல் இழுத்துக்கொண்டனர். முற்றுகை ஏழு மாதம் நீண்டது. தன் படையின் குறையை ஓர் அரசுப் பதிவு இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது எகிப்தில் அரிது. அந்தச் சில வரிகளுக்காகவே இந்தச் சுவருக்கு இத்தனை நேரம் கொடுத்தது தகும்.

தூண் மண்டபத்தின் வடக்கு வெளிச்சுவரில் முதலாம் சேத்தியின் போர்க்காட்சிகள் உள்ளன. எல்லைக் கோட்டை, முதலைகள் நீந்தும் கால்வாய், சினாய் வழியே செல்லும் படைப்பாதையின் காவல் நிலைகள் என்று ஏறக்குறைய ஒரு வரைபடமாகவே அமைந்திருக்கும் இச்சுவருக்கு நாங்கள் போனபோது வேறு குழு எதுவும் அங்கே இல்லை. இங்கே மேஹி என்ற அதிகாரியின் உருவம் சில இடங்களில் பின்னர் அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் சேத்தியின் மகனும் பின்னாளில் இரண்டாம் ராமேசஸாக ஆண்டவருமான இளவரசரின் உருவம் வெட்டப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். தனியே போயிருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

சிரியாவில் நடந்த காதேஷ் போரை மாலையில் லக்சர் கோயிலில் வைத்துக்கொண்டது நல்ல திட்டம். முகப்புக் கோபுரத்தின் ஆழமில்லாத செதுக்கல்கள் பகலில் மங்கலாகத் தெரிபவை. விளக்கொளி கீழிருந்து சாய்வாக ஏறும்போது தேர்களும் பாளையமும் கோடுகோடாகத் துலங்குகின்றன. கி.மு. 1274 அளவில், ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில், இரண்டாம் ராமேசஸ் அமுன், ரே, ப்தா, சேத் என்ற கடவுளரின் பெயர் தாங்கிய நான்கு படைப்பிரிவுகளுடன் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டு அரசர் முவத்தல்லியை எதிர்கொள்ளச் சென்றார். எதிரி வெகு தொலைவில் இருப்பதாகச் சொன்ன இரு நாடோடிகளை நம்பி, முதற்பிரிவுடன் மட்டும் முன்னேறிப் பாளையம் இறங்கினார். பிடிபட்ட ஹிட்டைட்டு ஒற்றர்களை அடித்து விசாரித்த பிறகுதான், எதிரிப்படை காதேஷ் நகருக்குப் பின்னாலேயே மறைந்திருப்பது தெரியவந்தது. அதற்குள் 2,500 தேர்கள் ரே பிரிவைச் சிதறடித்துவிட்டன என்கிறது எகிப்தியப் பதிவு. ஒற்றர்கள் அடிவாங்கும் காட்சி சுவரில் இருக்கிறது. உளவில் ஏமாந்ததை மறைக்காமல், பழியை அதிகாரிகள்மேல் போடுகிறார்கள்.

மறுநாள் ராமேசியத்தில் அதே போர் மீண்டும் வந்தது. பல கோயில்களில் பலமுறை செதுக்கப்பட்ட ஒரு போரை ஒரு சுற்றுலாவில் இருமுறை பார்ப்பது சலிப்பூட்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வழிகாட்டி லக்சர் கோயிலில் படங்களையும் ராமேசியத்தில் அப்போரைப் பற்றி மன்னரைப் புகழ்ந்து எழுதிய பாடலையும் எடுத்துக்கொண்டதால் அப்படி நேரவில்லை. பாடலில் மன்னர் தம்மைக் கைவிட்ட படைவீரர்களை வசைபாடுகிறார். துணைநின்றவை தம் இரு தேர்க்குதிரைகளே என்று அவற்றின் பெயரைச் சொல்லி, இனித் தம் கண்முன்னே நாள்தோறும் அவற்றுக்குத் தீனி கொடுக்கப்படும் என்று அறிவிக்கிறார். உண்மையில் அவரைக் காப்பாற்றியது, கடற்கரைப் பக்கமிருந்து உரிய நேரத்தில் வந்துசேர்ந்த நெஆரின் என்னும் தனிப்படை. அது சுவர்ப்படத்தில் இருக்கிறது, பாடலில் இல்லை. ஆற்றில் விழுந்த அலெப்போ அரசனைத் தலைகீழாகப் பிடித்து நீரை வெளியேற்றும் காட்சியை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். ஆனால் போருக்குப் பின் சிரியக் கடற்கரைப் பக்கத்து அமுர்ரு நாடு ஹிட்டைட்டுகளின் கைக்குத் திரும்பியது என்பதையும், அவர்களுடைய படை டமாஸ்கஸ் பகுதிவரை வந்தது என்பதையும் ஹிட்டைட்டுப் பதிவுகளைக் கொண்டு அங்கேயே விளக்கியவர் இவர். வெற்றி யாருக்கு என்று குழுவில் ஒருவர் கேட்டதற்கு, காதேஷ் நகரம் கடைசிவரை யார் கையில் இருந்தது என்று பாருங்கள் என்பதே பதில்.

இவ்வளவு நன்றாகப் போன இடத்தில்தான் திட்டத்தின் பெரிய ஓட்டை தெரிகிறது. அந்தப் பகையை முடித்துவைத்த உடன்படிக்கை, கி.மு. 1259 அளவில் ஹிட்டைட்டு அரசர் மூன்றாம் ஹத்துசிலியுடன் செய்துகொள்ளப்பட்டது, கர்னாக்கின் தென்பகுதிச் சுவர் ஒன்றில் முழு வாசகமாக நிற்கிறது. அதே உடன்பாட்டின் மறுதரப்புப் படி, அக்காதிய மொழியில் எழுதிய களிமண் பலகையாக, துருக்கியின் போகாஸ்கோய் என்ற ஊரில் 1906-இல் கிடைத்தது. ஒருவரையொருவர் தாக்காமை, மூன்றாம் நாடு தாக்கினால் உதவிக்கு வருதல், தப்பியோடியவர்களைத் திருப்பி அனுப்புதல், அவர்களைத் தண்டியாமை என்று அதன் விதிகள் விரிகின்றன. இரு தரப்புச் சொல்லையும் அருகருகே வைத்துப் படிக்கத் தக்க இந்தச் சுவர், இச்சுற்றுலாவின் அணுகுமுறைக்கு உச்சமாக இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது நடந்துகொண்டே சுட்டிக்காட்டப்பட்ட ஒன்றாக மட்டும் ஆயிற்று. அதே சுவரில் அஸ்கலோன் நகர முற்றுகைக் காட்சி இருக்கிறது. நெடுங்காலம் ராமேசஸின் போராகக் கருதப்பட்ட அதை மகன் மெர்நெப்தாவுடையது என்று இப்போது பலர் கொள்கிறார்கள். அதற்கும் நேரமில்லை. மதிய உணவுக்கு முன்பதிவு செய்திருந்த நேரம் நெருங்கிவிட்டதாம்.

மெதினத் ஹபுவில் குறை வேறு விதம். மூன்றாம் ராமேசஸ் தம் எட்டாம் ஆட்சியாண்டில் கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்த, ‘கடல் மக்கள்’ என்று அழைக்கப்படும் குழுக்களோடு நடத்திய போர் வடக்கு வெளிச்சுவரில் உள்ளது. கடற்போரை இத்தனை விரிவாகக் காட்டும் சிற்பங்களில் இதைவிடப் பழையது அறியப்படவில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டிய அந்தச் சுவரை, வெளிச்சம் தட்டையாகிவிட்ட நண்பகலில் பார்த்தோம். சிங்கத்தலை முகப்புக் கொண்ட எகிப்தியக் கப்பல்களில் துடுப்புகள் இயங்குவதும், பறவைத்தலைக் கப்பல்களில் துடுப்பே இல்லாததும் வழிகாட்டி சொன்ன பிறகே பிடிபட்டன. கொம்புத் தலைக்கவசம் அணிந்த, கடல் மக்களில் ஒரு பிரிவினரான ஷெர்தென்கள் இருபுறமும் இருக்கிறார்கள்: எகிப்தின் கூலிப்படையாகவும், எதிரியாகவும். பெண்களும் குழந்தைகளும் ஏறிய மாட்டுவண்டிகள் தரைப்போர்க் காட்சிக்குள் வருவதைக் காட்டி, இது படையெடுப்பா இடம்பெயர்வா என்ற பழைய விவாதத்தைத் திறந்துவைத்தார். தீர்ப்புச் சொல்லவில்லை, அது சரியே. ஹிட்டைட்டு ஆட்சிக்குட்பட்ட கார்கெமிஷ் உட்படப் பல நாடுகள் இவர்கள் முன் நிற்கவில்லை என்று கல்வெட்டு சொன்னாலும், கார்கெமிஷின் அரச மரபு தொடர்ந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். உள்ளே முற்றத்துச் சுவரில், லிபியப் போரில் வெட்டிய கைகளை மன்னர் முன் குவித்து எழுத்தர்கள் எண்ணும் காட்சி உள்ளது. அவாரிசின் ஹிக்சோஸ் அரண்மனையில் குழிகளில் புதைந்த வலக்கைகள் 2011-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டதால், இந்த வழக்கம் சிற்பியின் கற்பனையன்று என்று உறுதியாகிவிட்டது. இத்தனை வெற்றி அறிவிக்கும் அதே மன்னரின் 29-ஆம் ஆண்டில், தானியக் கூலி கிடைக்காத கல்லறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி இப்பகுதிக் கோயில்களின் அருகே வந்து உட்கார்ந்தார்கள் என்ற செய்தியும் இடையில் வந்தது. போருக்கும் களஞ்சியத்துக்கும் உள்ள தொடர்பை அவர் இன்னும் விரித்திருக்கலாம்.

தெற்கு ஏறக்குறைய முழுவதும் விடுபட்டிருக்கிறது. எகிப்து மிக நீண்ட காலம் போரிட்டது நூபியாவோடு. பின்னர் அங்கிருந்து வந்த அரசர் பியே எகிப்தை வென்றார், கி.மு. 663-இல் அசீரியர் தீப்ஸைச் சூறையாடினர். இவை எதற்கும் லக்சரில் பெரிய போர்ச் சுவர் இல்லை என்பது உண்மையே. ஆனால் தெற்கே, எஸ்னாவுக்கும் எட்ஃபூவுக்கும் இடையில், பழைய கல்லறைகள் உள்ள எல் காப் என்ற ஊர் இருக்கிறது. அவாரிஸ் முற்றுகையிலும் மூன்றாண்டு நீடித்த ஷாருஹென் முற்றுகையிலும் போரிட்ட படைவீரர் அஹ்மோஸ், எபானாவின் மகன், தம் கல்லறையில் ஒரு வீரனின் கண்கொண்டு அனைத்தையும் எழுதிவைத்திருக்கிறார்: எத்தனை கைகள் கொண்டுவந்தார், எத்தனை அடிமைகள் பெற்றார், நூபியத் தலைவனின் உடல் அரசக் கப்பலின் முகப்பில் தலைகீழாக எவ்வாறு தொங்கியது என்பது வரை. அங்கேயே சோபெக்நக்த் என்ற அதிகாரியின் கல்லறையில் 2003-இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, குஷ் படைகள் எகிப்துக்குள் புகுந்து தாக்கியதைச் சொல்கிறது. அரச பதிவுகள் வாய்திறக்காத செய்தி அது. மன்னரின் சொல்லை ஐயத்தோடு படிக்கக் கற்றுத்தரும் சுற்றுலா இந்த இரண்டு கல்லறைகளையும் விட்டுவைத்திருப்பது எனக்குப் புரியவில்லை.

நடைமுறை பற்றிச் சுருக்கமாக: குழு சிறியது, காதொலிக் கருவிகள் கர்னாக்கின் இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டன, வண்டி குளிரூட்டப்பட்டது. கட்டணம் வழக்கமான லக்சர் சுற்றுலாக்களைவிடக் கணிசமாகக் கூடுதல், நுழைவுச்சீட்டுகள் தனி. கொடுத்த கையேட்டில் சுவர்களின் வரைபடம் சரியாக இருந்தாலும் ஆண்டுகள் இல்லை. அரச மரபுகளின் வரிசை தெரியாதவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது நல்லது. விளக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே. நெடுநேரம் நின்றபடி கேட்க வேண்டியிருப்பதால் சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றதன்று. மற்றவர்களுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தரத் தயக்கமில்லை. பதிவு செய்யும்போதே, மெதினத் ஹபுவைக் காலையில் முதலாவதாக வைக்கும்படியும், கர்னாக்கின் உடன்படிக்கைச் சுவருக்குக் குறைந்தது அரைமணி நேரம் ஒதுக்கும்படியும் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் உணவகத்தின் நேரமே வெல்லும்.