நிகர அயனிச் சமன்பாடு: நெடுநாள் புழக்கத்தில் கண்டது

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. கரும்பலகையில் நான் அதிகம் புழங்கிய கருவி நிகர அயனிச் சமன்பாடுதான்: கரைசலில் உள்ள அயனிகளில் (மின்சுமை ஏறிய துகள்களில்) உண்மையில் வினைபுரிபவற்றை மட்டும் எழுதும் சமன்பாடு. நிறையும் குறையும் எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

சில்வர் நைட்ரேட் கரைசலில் சோடியம் குளோரைடை ஊற்றினாலும் பொட்டாசியம் குளோரைடை ஊற்றினாலும் தயிர் போன்ற அதே வெண்ணிற வீழ்படிவு, அதாவது கரையாமல் அடியில் படியும் திண்மம். வினையில் கலந்துகொள்ளாத பார்வையாளர் அயனிகளை அடித்துவிட்டால் இரண்டும் ஒரே வினை: வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் சேர்ந்து சில்வர் குளோரைடு. இது எல்லாப் பாடநூலிலும் உண்டு.

எனக்குப் பிடித்தது நடுநிலையாக்கல். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சோடியம் ஹைட்ராக்சைடு, நைட்ரிக் அமிலத்துடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என எந்த இணையை எடுத்தாலும், நீர்த்த கரைசலில் ஒரு மோல் நீர் உருவாகும்போது ஏறத்தாழ 57 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஹைட்ரஜன் அயனி, ஹைட்ராக்சைடு அயனி, நீர்: இரண்டிலும் நடப்பது இவ்வளவுதான் என்பதால் எண்ணும் மாறுவதில்லை. அசிட்டிக் அமிலம் எடுத்தால் வெப்பம் சற்றுக் குறைகிறது. அது பெரும்பாலும் அயனியாகப் பிரியாமலே கிடப்பதால் சமன்பாட்டிலும் முழு மூலக்கூறாகத்தான் எழுத வேண்டும். ‘வலிமை குறைந்த அமிலத்தைப் பிரிக்காதே’ என்று தொண்டை வற்றக் கத்துவதைவிட வெப்பமானியைக் கையில் கொடுப்பது மேல்.

குறை என்றால், எதை அயனிகளாகப் பிரித்து எழுதுவது என்று பார்க்க நாம் நம்பியிருக்கும் கரைதிறன் அட்டவணை. கரையும், கரையாது என்று இரண்டே பதில்தான் அதற்குத் தெரியும். உப்புப் பகுப்பாய்வில் காரீய குளோரைடு அதைப் பொய்யாக்கிவிடும்: குளிர்ந்த நீரில் வீழ்படிவாக நிற்பது, கொதிநீரில் கரைந்து, ஆறியதும் படிகமாகத் திரும்புகிறது. எந்த வெப்பநிலையில் என்று கேட்கும் பிள்ளைக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

மின்சுமையையும் தனியே சரிபார்க்க வேண்டும். வெள்ளி அயனிக் கரைசலில் தாமிரத்தைப் போட்டால் தாமிரம் அயனியாகக் கரைந்து வெள்ளி படியும்; அதில் ஒரு தாமிரத்துக்கு ஒரு வெள்ளி அயனி என்று எழுதினால் அணுக்கள் சமமாகவே தெரியும். மின்சுமை மட்டும் இடிக்கும். தாமிரம் இழக்கும் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள இரண்டு வெள்ளி அயனிகள் வேண்டும்.

பேரியம் ஹைட்ராக்சைடுடன் கந்தக அமிலம் சேரும்போது அடிப்பதற்கு எதுவுமே இல்லை. பேரியம் சல்பேட்டாகவும் நீராகவும் எல்லா அயனிகளும் போய்விடுகின்றன. கரைசல் வழியே மின்சாரம் ஓடும் சுற்றில் விளக்கு இருந்தால், அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீரும் சமநிலைப் புள்ளியில் அணைந்தேவிடும். பழக்கதோஷத்தில் எதையாவது அடித்துவைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

எடைக் கணக்குக்கு மட்டும் முழுச் சமன்பாட்டுக்கே திரும்பிவிடுகிறேன். வெள்ளி அயனியைத் தனியாகத் தராசில் வைக்க முடியாது. மோலுக்குச் சுமார் 170 கிராம் என்று சில்வர் நைட்ரேட்டைத்தான் நிறுத்தாக வேண்டும்.