மகள் கையில் 9, என் கையில் 2

மார்ச் 14 அன்று சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் நடக்கும் பை (π) தினத்துக்கு மகளோடு போனேன். வட்டத்தின் சுற்றளவு அதன் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்தான் பை. லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988இல் அங்கே தொடங்கிய விழா. பையின் மதிப்பு 3.14159 என்று தொடங்கும்; 3/14 என்றால் அமெரிக்க வழக்கில் மார்ச் 14, அடுத்த இலக்கங்கள் 159 என்பதால் ஊர்வலம் சரியாக மதியம் 1:59க்கு. ஆளுக்கு பையின் ஓர் இலக்கம் எழுதிய அட்டை. அவளுக்கு 9, பின்னால் எனக்கு 2. வரிசை மாறக் கூடாதே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தரையில் பதித்த சின்னப் பித்தளைத் தகட்டை எல்லோரும் கோயில் போல வலம் வருகிறோம். சிலிர்த்துவிட்டது!

அப்புறம் ஆப்பிள் பை (pie) என்ற வட்டமான பண்டம். சாப்பிட்டதும் தலை ரிப்பனை அவிழ்த்துக் காகிதத் தட்டின் விளிம்பைச் சுற்றி அளந்தாள். அதையே குறுக்கே வைத்து எண்ணினாள். மூன்று தடவை. "அப்பா, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு!"

குழந்தைகளோடு கட்டாயம் போங்கள்.