பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார்: பிக்கப்பில் கை வைக்கும் முன் நட்டையும் பிரிட்ஜையும் பாருங்கள்

பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிய கையோடு பலரும் யோசிப்பது, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பை மாற்றுவதைப் பற்றித்தான். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. இதன் கம்பிகள் ஆறு ஜோடிகளாக நிற்கின்றன. ஒட்டி நிற்கும் இரண்டு கம்பிகளுக்குள் சுருதி பிசகினால், பிக்கப் எவ்வளவு தரமானதோ அவ்வளவு தெளிவாக அந்தப் பிசகு ஸ்பீக்கரில் வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அமைப்புகள் போதும். ஒன்று ரிக்கன்பேக்கர் 360/12. 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு வந்து, அதே ஆண்டு பீட்டில்ஸ் பதிவுகளில் ஒலித்தது. அடுத்த ஆண்டே பேர்ட்ஸ் குழுவின் ராஜர் மெக்வின் அதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டார். மற்றொன்று, 1965-இன் கடைசியில் வந்த ஃபெண்டர் எலெக்ட்ரிக் ட்வெல்வ். விற்பனை சரியில்லாமல் சில ஆண்டுகளிலேயே அதன் தயாரிப்பு நின்றது. ஆனாலும் கிட்டாரின் உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் விஷயத்தில் சரியான வழியை எடுத்தது இதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணினால், முதல் இரண்டு ஜோடிகளில் இரு கம்பிகளும் ஒரே தடிமன், ஒரே சுருதி. அங்கே சிக்கல் இல்லை. மற்ற நான்கு ஜோடிகளில் ஒரு தடித்த கம்பியும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பியும் சேர்ந்து நிற்கின்றன. கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் அழுத்தும்போது தடித்த கம்பியின் சுருதி கூடுதலாக ஏறும் என்பதால், பிரிட்ஜில் அது உட்காரும் சேடில் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும், மெல்லியதற்கு முன்னால். ரிக்கன்பேக்கரில் வழக்கமாக வரும் பிரிட்ஜில் ஜோடிக்கு ஒன்றாக ஆறே சேடில்கள். தடித்ததற்குச் சரிசெய்தால் மேல் ஃப்ரெட்டுகளில் மெல்லியது தாழ்ந்துபோகும். மெல்லியதற்குச் சரிசெய்தால் தடித்தது ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவில் வைத்து ஒப்பேற்றத்தான் முடியும். ஃபெண்டரில் கம்பிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சேடில்கள்.

ஆறு சேடில் பிரிட்ஜுக்கும் நியாயம் உண்டு. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளுக்குள் கார்டுகள் (பல சுரங்களின் கூட்டொலி) மட்டும் வாசிப்பவருக்கு அந்தச் சின்ன வித்தியாசம் ஒரு மினுமினுப்பாகவே கேட்கும். சிலர் அதை விரும்பியே வைத்திருக்கிறார்கள். ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டி மெலடி வாசிப்பவருக்கு அது ஒத்துவராது. ரிக்கன்பேக்கருக்குப் பொருந்தும் பன்னிரண்டு சேடில் பிரிட்ஜ் தனியாகக் கிடைக்கிறது. மரத்தில் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக ட்யூனரில் பார்த்துச் சரிசெய்யப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கிட்டாருக்கென்று பணம் ஒதுக்கினால் முதல் செலவு இதற்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதியும் காடிகள் (சிறு பள்ளங்கள்) கொண்ட கட்டை. விரல் வலிக்கிறது, கார்டு சுத்தமாக விழவில்லை என்ற புகார்களில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன. 360/12-இன் நட் அகலம் ஏறத்தாழ 41.4 மி.மீ. இரு ஓரங்களிலும் 3 மி.மீ. விட்டு, ஜோடிக்குள் 2 மி.மீ. இடைவெளி வைத்தால், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே கிடைப்பது 4.7 மி.மீ. விரல் நுனி பருத்தவருக்கு இது போதாது. ஜோடிக்குள் உள்ள இடைவெளியை 1.6 மி.மீ. ஆக்கினால் நடுவே 5.2 மி.மீ. கிடைக்கும். 44.5 மி.மீ. நட் கொண்ட இன்னொரு ரிக்கன்பேக்கர் மாடலான 660/12-இல் ஜோடிக்குள் 2 மி.மீ. விட்டபடியே 5.3 மி.மீ. வருகிறது. ஆக, அகலக் கழுத்துக்காக வேறு கிட்டார் வாங்குவதும், இருக்கும் கிட்டாருக்கு எலும்பில் புது நட் வெட்டுவதும் விரலுக்குக் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் தருகின்றன. செலவில் மட்டும்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஜோடிகளை அதற்கு மேலும் நெருக்கினால் பலமாக அடிக்கும்போது கம்பிகள் ஒன்றோடொன்று உரசும்.

நட்டில் காடி வெட்டும் ஆழமும் முக்கியம். எல்லாக் காடிகளின் அடிமட்டமும் ஒன்றாக இருந்தால் மெல்லிய கம்பி தடித்ததைவிடத் தாழ்ந்து நிற்கும். விரல் அதை எட்ட அதிகம் அழுத்த வேண்டும். மெல்லியதன் காடியைக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டின் தலையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்தால் கை லேசாகும். கிட்டத்தட்ட என்றுதான் சொல்கிறேன்; ரொம்ப உயர்த்தினால் முதல் ஃப்ரெட்டிலேயே அதன் சுருதி ஏறும்.

நட் வெட்டும் முன்பே கம்பி வரிசையை முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றினால் காடியின் அகலம் பொருந்தாது. பெரும்பாலான பன்னிரண்டு கம்பிக் கிட்டார்களில் கீழ்நோக்கி அடிக்கும்போது கையில் பிடித்து மீட்டும் பிக் முதலில் மெல்லிய கம்பியைத் தொடும். ரிக்கன்பேக்கரில் முதலில் தடித்தது. முன்னதில் பளபளப்பு மேலோங்கும், கார்டு அடிக்க அருமை. பின்னதில் அடிநாதம் உறுதியாக நிற்க, மெல்லியது அதன் மேல் ஒளியாகப் படரும். தாழ்ந்த சுருதிக் கம்பிகளில் மெலடி வாசிப்பவருக்கு ரிக்கன்பேக்கர் வரிசையே சிறந்தது. நானும் அந்தப் பக்கம்தான்.

கம்பி எடுக்கும்போது இழுவிசையை நினைவில் வையுங்கள். வழக்கமான 10-46 (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046) ஆறு கம்பி செட்டின் மொத்த இழுவிசை சுமார் 45 கிலோ. அதே தடிமனில் பன்னிரண்டு போட்டால் அதன் இரு மடங்கை நெருங்கும். கழுத்துக்கும் விரலுக்கும் லேசான செட்டே நல்லது. மூன்றாவது ஜோடியின் மெல்லிய ஜி கம்பி அறுந்துகொண்டே இருக்கிறதென்று இன்னும் மெல்லியதாகப் போடுவோர் உண்டு. அதனால் பயனில்லை. தடிமன் குறையும்போது இழுவிசையும் கூடவே குறைவதால், கம்பி அறுகிற சுருதி மாறுவதில்லை. அதைத் தீர்மானிப்பது ஸ்கேல் நீளம், அதாவது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே கம்பியின் நீளம். 24.75 அங்குல ரிக்கன்பேக்கரைவிட 25.5 அங்குல ஃபெண்டரில் அதே கம்பிக்கு 6 சதவீதம் கூடுதல் இழுவிசை. ஃபெண்டர் வைத்திருப்பவர் அரை சுருதி இறக்கி, முதல் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கேப்போ என்ற கவ்வி போட்டு வாசிக்கலாம்.

பிக்கப்பில் ரிக்கன்பேக்கரின் டோஸ்டர் வகை மென்மையும் தெளிவும் தரும். ஹை-கெயின் வகை கூர்மையாகக் கடிக்கும். பன்னிரண்டு கம்பிக்கு டோஸ்டர்தான் என் தேர்வு. மாற்ற மனமில்லையென்றால், 1960களின் ரிக்கன்பேக்கர்களில் இருந்ததுபோல பிரிட்ஜ் பிக்கப்பின் பாதையில் 0.0047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். அடிநாதத்தின் கலங்கல் குறையும். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

அதற்குப் பிறகும் ஒலி நீடிக்கவில்லை என்று தோன்றினால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரசர் வாங்குங்கள். மெக்வினின் அந்த நீளும் மணியோசையில் பெரும்பங்கு ஸ்டுடியோ கம்ப்ரஷனுக்கு உண்டு. 1988-இல் அவர் பெயரில் ரிக்கன்பேக்கர் வெளியிட்ட 370/12 மாடலில் கம்ப்ரசரைக் கிட்டாருக்குள்ளேயே வைத்தார்கள். அதன் பிரிட்ஜில் பன்னிரண்டு சேடில்கள்.