ஒரே எல்.ஆர்.வி., இரண்டு வெள்ளை: க்ரீமா, சாம்பலா?

சுவருக்கு இரண்டு வெள்ளைப் பெயிண்ட், எதை எடுப்பது என்ற குழப்பம். ஷேடு கார்டில் இரண்டுமே எல்.ஆர்.வி. (லைட் ரிஃப்ளெக்டன்ஸ் வேல்யூ) 72. கறுப்பு 0, வெள்ளை 100 என்ற கணக்கில் சுவர் திருப்பித் தரும் வெளிச்சம் அது. ஆகவே எது அறையைப் பளிச்சென்று காட்டும் என்ற கேள்விக்கே இடமில்லை. வேறுபாடு அடிச்சாயலில்: ஒன்றில் மஞ்சள், மற்றதில் சாம்பல்.

வடக்கு ஜன்னல் அறைக்குப் பெரும்பாலும் வானத்து வெளிச்சம்தான். அதில் சாம்பல் வெள்ளை நீலம் பாய்ந்து நிற்கும். 6500 கெல்வின் டியூப்லைட்டும் (கெல்வின் என்பது விளக்கு நிறத்தின் அளவு; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) சேர்ந்தால் ஆஸ்பத்திரி வார்டுதான். 3000 கெல்வின் பல்பில் அதே சுவர் சாந்தமாகிவிடும். ஆனால் க்ரீம் அப்போது பழைய காகிதம் போலாகும். 4000 கெல்வின் இரண்டுக்கும் ஒத்துப்போகும். சிவப்பு ஆக்சைடு தரையென்றால் க்ரீம் சுவரின் கீழ்ப்பகுதியில் இளஞ்சிவப்பு ஏறும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

சாம்பிள் டப்பாவை நேரே பழைய சுவரில் அடிக்காதீர்கள், பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். இரண்டடிச் சதுரக் கெட்டி அட்டையில் ஓரம் வெள்ளையாக விட்டு, 4 மணி நேர இடைவெளியில் இரண்டு கோட். நன்றாகக் காய்ந்தபின் பாருங்கள். எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்ட்) ஈரத்தில் வெளிறித் தெரியும். அட்டையை நடுவில் மடித்து மூலையில் நிறுத்தினால், எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றில் ஒன்று பட்டு நிறம் கூடுவது தெரியும். நான்கு சுவரும் அடித்தபின் அறை அப்படித்தான் இருக்கப்போகிறது. காலை, மாலை, இரவு விளக்கு, மூன்றிலும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வருடம் போனால் கதை மாறும். சுவிட்ச்போர்டைச் சுற்றிய விரல் அழுக்கும், கட்டில் தலைமாட்டு எண்ணெய்க் கறையும் பழுப்பு. க்ரீமில் கலந்துபோகும், சாம்பலில் துருத்தும். ஃபேன் தூசியும் ஒட்டடையும் நேர்மாறு. கறை பட்ட இடத்தில் மட்டும் திரும்ப அடிக்கும் டச்-அப்புக்குப் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ்தான் நல்லது. ஷீன் (பளபளப்பு) உள்ளதில் ஒட்டுப்போட்டது பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம்: கதவு ஜன்னல் போகச் சுமார் 380 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 130 என்று வைத்தால் 3 லிட்டர் போகும். நான்கு வாங்கி, மிச்சத்தைச் சின்ன டப்பாவில் வாய் வரை நிரப்பி மூடுங்கள். காற்று இருந்தால் ஆடை கட்டும். ஷேடு கோடு, பேஸ் (நிறம் கலக்கும் மூலப் பெயிண்ட்), கலந்த தேதி மூன்றையும் மூடியில் எழுதுங்கள்.

வடக்கு அறை, டியூப்லைட் என்றால் க்ரீம். மேற்கு வெயில் அறைக்குச் சாம்பல். சாம்பல் எடுத்தால் கதவுக்கு ஆயில் எனாமல் வெள்ளை வேண்டாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது மஞ்சளாகும், பக்கத்துச் சுவர் அதை இன்னும் அழுக்காகக் காட்டும். வாட்டர்-பேஸ் எனாமல் கேளுங்கள்.