டெல்லிக் கருத்தரங்கு: ரயிலா, விமானமா, திரையா?

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 33 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கரி உமிழ்வில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. ரயிலை இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வந்தாலும், தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் விமானப் புகையில் அது சிறு பங்குதான். சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் விமான டிக்கெட்தான் எடுக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன்.

காரணம் ஒரு புதன்கிழமை. வியாழன், வெள்ளி கருத்தரங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் இரவு ரயில் ஏறினால் வியாழன் காலை டெல்லி. வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலை சென்னை. கூடுதலாகப் போகும் வேலைநாள் புதன் மட்டும். அந்தப் புதனில்தான் நான்கு வகுப்புகள், அகமதிப்பீட்டு மதிப்பெண் பதிவேற்றும் வேலை, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கான கோப்புகள் எல்லாம் காத்திருக்கின்றன. ஓ.டி. (வெளியே போனாலும் பணியில் இருப்பதாகக் கணக்கில் வைக்கும் அனுமதி) கருத்தரங்கு நாள்களுக்கு மட்டும் என்றால், புதன் நம் சொந்த விடுப்பில் கழியும். அதற்கு அஞ்சி வியாழன் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து விமான நிலையத்துக்கு ஓடுகிறோம். தூக்கம் சொக்க முதல் அமர்வில் உட்கார்கிறோம். ரயிலில் போன ஒருமுறை, பகல் முழுவதும் மாணவி ஒருவரின் ஆய்வேட்டு அத்தியாயத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். துறை அறையில் அப்படியொரு பகல் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பெங்களூருக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். வந்தே பாரத் ஏறத்தாழ நாலரை மணி நேரம். விமானமோ ஊருக்கு வெளியே தேவனஹள்ளியில் இறக்கிவிடும். அங்கே வேலைப்பளுவைச் சாக்காகச் சொல்ல முடியாது.

போகாமல் காணொலி வழியாகவே கலந்துகொண்டால்? உமிழ்வு மிகக் குறைவு, செலவும் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கும் குழுக் கூட்டத்துக்கும் அதுவே போதும். கருத்தரங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊரில்தானே இருக்கிறீர்கள் என்று அன்றைக்கும் வகுப்பு போட்டுவிடுவார்கள். கட்டுரை வாசித்து முடிப்பதற்குள் மணி அடிக்கும். கேள்வி நேரத்தில் நாம் கரும்பலகை முன் நிற்போம்.

பாப்புவா நியூ கினியில் கள ஆய்வு செய்த கியான்லூக்கா கிரிமால்டா, விமானத்தில் உடனே திரும்ப மறுத்ததால் 2023இல் ஜெர்மனியின் கீல் ஆய்வு நிறுவனத்தில் வேலையை இழந்தார். கப்பலும் ரயிலுமாகத் திரும்ப அவருக்கு வாரக்கணக்கில் நாள் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு புதன்கிழமை போதும். அடுத்த விண்ணப்பத்தில் அதையும் ஓ.டி.யில் சேர்த்தே எழுதிக் கொடுப்பேன்.