ஒரு பொட்டலம்தான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது?

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து மொட்டைமாடிகளில் சாடி வைத்து மரக்கறி வளர்ப்பவர் விதைக்கடைக்குப் போனால் ரைசோபியம், ட்ரைக்கோடெர்மா, மைக்கோரைசா, பொசுபரசைக் கரைக்கும் பற்றீரியா என்று நான்கு வகை நுண்ணுயிர்ப் பொட்டலங்களைப் பற்றிக் கேள்விப்படுவார். வாக்குறுதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்யும் வேலை அப்படியல்ல.

என் தேர்வு ட்ரைக்கோடெர்மா. கொழும்பு மழையில் கத்தரி, மிளகாய் நாற்றுகள் முதல்நாள் நிமிர்ந்து நின்று, மறுநாள் கழுத்தடி கறுத்துச் சாய்ந்து கிடக்கும். இந்த நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் பித்தியம், ரைசொக்டோனியா என்ற மண்வாழ் நோய்க்கிருமிகள் காரணம். ட்ரைக்கோடெர்மா ஒரு பங்கசு. இத்தகைய கிருமிகளின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, சுவரைக் கரைத்துத் தின்றுவிடும். முதிர்ந்த கூட்டெருவில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு வாரம் வைத்தால் மேலே பச்சைப் பொடி பூக்கும். அதைச் சாடியில் இட்ட பிறகே விதைக்க வேண்டும். சாய்ந்த நாற்றை இது எழுப்பாது. பங்கசுநாசினி ஊற்றும் சாடியில் இதையும் போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

ரைசோபியம் வேரில் தங்கிக் காற்றின் நைதரசனைச் செடிக்குப் பிடித்துத் தரும் பற்றீரியா. அவரையினத்துக்கு மட்டும் உரியது. மிளகாய்க்கு இட்டுப் பயனில்லை. பயற்றை, கௌபியோடு கூடும் வகைகள் வெப்பநாட்டு மண்ணில் பரவலாக உண்டு. சோயாவுக்குத்தான் அதற்குரிய வகையைத் தேடிப்பிடித்துச் சேர்க்க வேண்டும். ஆகவே நிலத்தில் பயற்றை நடுபவர் பொட்டலத்தை மறந்துவிடலாம். தும்புத்தூளும் கூட்டெருவும் மட்டும் நிரப்பிய சாடி என்றால் வாங்கத்தான் வேண்டும். வேலை நடக்கிறதா என்று அறிய, பூக்கும் பருவத்தில் ஒரு செடியைக் கிளறி எடுத்து, வேரிலுள்ள சிறுகணு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைதரசன் பிடிபடுகிறது. நம் இரத்தச் சிவப்புக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது. வெள்ளையோ பச்சையோ என்றால் பயனில்லை. யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் செடி சிறுகணு கட்ட மெனக்கெடாது.

மைக்கோரைசா வேரோடு கூடி வாழும் பங்கசு; உயிருள்ள வேரில்லாமல் வளராது. உற்பத்தியே செலவு பிடித்த காரியம். வெங்காயம், மிளகாய், கத்தரிக்கு வேரைத் தொடும்படி இட்டால் பொசுபரசும் நீரும் எட்டாத இடத்திலிருந்தும் வந்து சேரும். ஆனால் கோவா, முள்ளங்கி அடங்கிய கடுகுக் குடும்பம் இதனோடு சேர்வதில்லை. தண்டுக்கீரைக் குடும்பமும் பெரும்பாலும் அப்படியே. மாடியில் முதலில் முளைப்பது கீரைதானே! அதற்கு இது பெரிதாக உதவாது.

பொசுபரசைக் கரைக்கும் பற்றீரியாவுக்குச் சாடியில் பெரிய வேலை கிடையாது. ஹோமாகமைப் பக்கம் நிலத்தோட்டம் வைத்திருப்பவர் முயன்று பார்க்கலாம். அந்த அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்து வைத்திருக்கும். எளிதில் கரையாத எப்பாவலப் பாறைப் பொசுபேற்றோடு சேர்த்து இடுவதும் உண்டு. பலன் மண்ணுக்கு மண் மாறும்.

வீட்டில் கரைக்கும் சாணக் கரைசலில் என்ன வளர்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் வேறு. அடுக்குமாடியில் அதை வைப்பவர் அயலவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

இவற்றில் எதுவும் பசளைக்கு முழு மாற்றல்ல. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த அரசு, விளைச்சல் சரியத் தொடங்க நவம்பரில் பின்வாங்கியது. சாடிக்கும் கூட்டெரு வேண்டும்.

வாங்கும்போது காலாவதித் திகதியைப் பாருங்கள். ரைசோபியம் வெயிலில் செத்துவிடும். பொசுபரசைக் கரைக்கும் பற்றீரியாவில், உறங்கும் வித்திகளாக மாறவல்ல பசிலசு வகைகள் தாக்குப்பிடிக்கும். கடை வாசலில் வெயில் படத் தொங்கும் பொட்டலம் எதுவானாலும், உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.